முருகைக்கற் கடலில் இடந்தேர்தல்

நீர்சூழ்ந்த ஈழநாட்டிலே பிறந்து, கடலோசையைக் கேட்டு வளர்ந்தவருள்ளும், கடலின் அகத்தே யாது உளது என்பதைத் தம் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரேயாவர். கரையிலே நின்று அலைகளை நோக்குகின்றோம். ஆடி அமாவாசையிலே தீர்த்தமாடுகின்றோம். படகேறி நயினாதீவுக்குச் சென்று நாகபூஷணி அம்மையை வணங்கி மீள்கின்றோம். கடல் நமக்கு மேற்பரப்பளவிலேயே பழக்கமாயிற்று. அதன் உட்புறத்தை அறிந்தவர் மன்னார்ச் சலாபத்திலே முத்துக்குளித்தவரும், சங்கு குளித்தவரும், மீன்பிடிப்போருமே.

இந்நிலை இக்காலத்தில் மாறி வருகின்றது. வெளிநாடுகளிலே வாழும் நம் பழைய மாணவர் விடுமுறைக்குத் தாயகம் வரும்போது, கோயிலையும் உற்றார் வீடுகளையும் கண்டபின், எஞ்சிய ஐந்தாறு நாள்களைக் கடற்கரையிலே கழிக்க விழைகின்றனர். அவர்தம் மக்களோ, காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து, அதன்வழி மூச்செடுத்து நீரினுள்ளே உலாவும் ஸ்கூபா என்னும் சுழியோடற் பயிற்சியிலே பெருவிருப்புடையர். “முருகைக்கல் பார்க்க எங்கே போவது நல்லது, சேர்?” என்று அவர்கள் வினவுகின்றனர். வினா சிறியது, விடை அத்துணைச் சிறியதன்று. அவ்விடையை ஒழுங்குபட உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியனுக்கும் கடலாழத்துக்கும் யாது தொடர்பு என்று சிலர் நகைத்தலுங் கூடும். ஆண்டுதோறும் நெய்தற்றிணையைக் கரும்பலகையிலே எழுதிக் கற்பிப்பவன், அந்நெய்தல் நிலத்தின் நீரடியில் உள்ளதையும் அறிந்திருத்தல் தவறன்று. அதுவுமன்றி, இவ்வினாவுக்கு முறையான விடை நம் கையிலிருக்கும் நூலொன்றிலேயே அமைந்து கிடக்கின்றது. திருக்குறளின் பொருட்பாலிலே 48ஆம் அதிகாரம் வலியறிதல். 49ஆம் அதிகாரம் காலமறிதல். 50ஆம் அதிகாரம் இடனறிதல். மன்னனுக்குக் கூறிய இவ்வரிசையிலே இடம் மூன்றாவதாகவே நிற்கின்றது. தன் வலியையும் உரிய காலத்தையும் தெரிந்தபின்னரே இடத்தைத் தெரிதல் வேண்டும் என்பது இவ்வைப்புமுறையாற் பெறப்படும் கருத்து.

விடுமுறைக்குச் செல்வோர் பெரும்பாலும் இதனைத் தலைகீழாக்கிவிடுகின்றனர். அழகிய படமொன்றைக் கண்டு இடத்தை முதலிலே தீர்மானிக்கின்றனர். விமானச் சீட்டைப் பெறுகின்றனர். வந்திறங்கிய பின்னரே அப்பருவத்தில் அக்கடல் கொந்தளிப்பது என்பதை அறிகின்றனர். அதன் பின்னும், வந்த செலவு வீணாதலாகாதென்று தம் வலிக்கு மிஞ்சிய ஆழத்தில் இறங்குகின்றனர். பொருளிழப்பும் உயிரிழப்பும் இவ்வழியாகவே நேர்கின்றன.

முருகைக்கல்லின் இயல்பு

காணச் செல்லும் பொருள் இன்னது என்பதை முதற்கண் அறிதல் நன்று. முருகைக்கல் என்று நாமும், பவளப்பாறை என்று தமிழகத்தாரும் வழங்குவது கல்லுமன்று, செடியுமன்று. மிகச் சிறிய மென்னுடல் விலங்குகள் பல்லாயிரம் ஒருங்கு கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிரித்தெடுத்துத் தமக்கெனக் கட்டிய குடியிருப்பே அது. இவ்விலங்கின் உடலகத்தே ஓரணு அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக்கொண்டு ஒளித்தொகுப்பு நிகழ்த்தி உணவை ஆக்கி, அதிற் பெரும்பங்கைத் தமக்கு இடங்கொடுத்த விலங்குக்கு அளிக்கின்றன. முருகைக்கல்லின் நிறமும் பெரும்பாலும் இவ்வல்காக்களாலேயே அமைவது.

இவ்வொன்றை அறிந்தால் இடந்தேர்தலிற் பாதி முடிந்தது எனலாம். ஒளி வேண்டுமாதலின் முருகை ஆழங்குறைந்த தெளிநீரிலேயே செழிக்கும். சேறு படிந்தால் ஒளி மறையும். ஆகவே பேராறு கலக்கும் முகத்திலே அது தழைப்பதில்லை. நன்னீர் மிகுந்தாலும் அது வாழாது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கலத்தலும், அதற்கு வடக்கே நிலாவெளிப் பக்கத்திலே முருகைக்கல் செழித்திருத்தலும் இவ்வாற்றான் நோக்கத்தக்கன.

அதன் வளர்ச்சி மிக மெல்லியது. மான்கொம்பு போலக் கிளைக்கும் இனம் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றரளவு வளர்தல் கூடும். உருண்டைக் கல்லாக வளரும் இனமோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரளவே வளரும். ஆளின் இடுப்பளவு உயர்ந்த உருண்டைக்கல்லொன்று, நம் கல்லூரியின் முதல் மாணவர் திண்ணையிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்த காலந்தொட்டு வளர்ந்ததாக இருத்தல் கூடும். காலொன்று தவறி மிதித்தால் அத்தனை ஆண்டின் வேலையும் நொடியிற் கெடும்.

வெப்பத்தையும் அது பொறாது. வழக்கமான கோடை வெப்பத்தின் உச்சியிலும் ஒரு பாகை செல்சியஸ் மிகுந்து சில வாரம் நிலைத்தால், முருகை தன்னகத்து அல்காக்களை வெளியேற்றி வெண்ணிறமாகின்றது. கடல் விரைவிற் குளிர்ந்தால் அது பிழைக்கும். குளிராவிடின் பட்டினியால் இறக்கும். 1998ஆம் ஆண்டிலே இந்து சமுத்திரமெங்கும் நிகழ்ந்த இவ்வெளிறல், ஈழத்தின் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்களைப் பெரிதும் அழித்தது. திருகோணமலைப் பக்கம் அவ்வாண்டிற் பெரும்பாலுந் தப்பியது. உலகு முழுவதையும் தழுவிய நான்காவது வெளிறல் நிகழ்கின்றது என 2024ஆம் ஆண்டு ஏப்பிரிலிலே அறிவிக்கப்பட்டது. எனவே, பத்தாண்டுக்கு முன் எடுத்த படத்தை நம்பி இடந்தேர்தல் பேதைமை. அங்கே அண்மையிற் சென்று மீண்டவரை வினவித் தெளிதலே முறை.

வலியறிதல்

செய்யுஞ் செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பதன் வலிமை, துணைநிற்பாரின் வலிமை என நால்வகையாக வள்ளுவர் வலியைப் பகுத்தார். சுழியோடுவார்க்கு எதிர்நிற்பது நீரின் அமுக்கமாகும். கரையிலே நம்மைத் தாங்குவது ஒரு வளிமண்டல அமுக்கம். நீரினுள் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் மேலும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். பத்து மீற்றர் ஆழத்திலே இருமடங்கு. முப்பது மீற்றரிலே நான்கு மடங்கு.

இதனால் விளையும் பயன் மூன்று. முதலாவது, ஆழஞ் செல்லச்செல்லக் காற்று விரைவிலே தீரும். கரையிலே ஒரு மணி நேரத்துக்குப் போதிய காற்று முப்பது மீற்றரிலே கால்மணி நேரத்துக்கே போதும். இரண்டாவது, ஆழத்திலே உட்கொண்ட காற்று மேலே வருந்தோறும் விரியும். பத்து மீற்றரிலே நெஞ்சு நிறைய மூச்செடுத்து, அதனை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அக்காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதே இக்கலையின் முதற் பாடம். மன்னாரிலே முத்துக்குளித்தவர் மேலே எடுத்த மூச்சையே அடக்கிக்கொண்டு, கல்லின் பாரத்தால் இறங்கி மீண்டாராதலின் அவர்க்கு இவ்விடர் இல்லை. 1943ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டவராகிய கூஸ்தோவும் காஞானும் அமைத்த கருவிவழி, ஆழத்திலேயே மூச்செடுக்கும் நமக்கே இஃது உளது.

மூன்றாவதே யாவரும் மறப்பது. காற்றில் ஐந்தில் நான்கு பங்களவு நைதரசன். ஆழத்திலே அமுக்கத்தால் அது குருதியிலும் தசையிலுங் கரைந்து நிற்கும். மெல்ல மேலேறினால் மூச்சுவழி வெளிப்படும். விரைந்து ஏறினால், மூடி திறந்த சோடாப் போத்தலிலே குமிழி எழுவது போல உடலினுள்ளே குமிழியெழுந்து மூட்டு நோவையும், சிலவேளை வாதத்தையும் மரணத்தையும் விளைக்கும். ஆகையால் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாது ஏறி, ஐந்து மீற்றரளவிலே மூன்று நிமிடம் தங்கி வருதல் வேண்டும் என்பர்.

கரையேறிய பின்னரும் எஞ்சிய நைதரசன் உடலிலே நிற்கும். அந்நிலையில் உயரமான இடத்துக்கு ஏகினாலும் கேடே. சுழியோடியபின் பதினெட்டு மணி நேரமாயினும் விமானமேறலாகாது. ஒரு முழுநாள் கழித்தல் இன்னும் நன்று. ஈழத்திலே இவ்விதியை மலைநாட்டுக்கும் கொள்ளல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு வந்த நம் பழைய மாணவர் ஒருவர், தென்கரையிலே காலையில் இருமுறை சுழியோடி, பிற்பகலே வாகனமேறி நுவரெலியாவுக்குச் சென்றார். அவ்வூர் கடன்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. நள்ளிரவிலே தோளும் முழங்கையும் பொறுத்தற்கரிய நோவெடுக்க, அவரைக் கீழிறக்கி, ஒட்சிசன் அளித்துச் சிகிச்சை செய்தபின்னரே நலமுற்றார். அழைத்துச் சென்ற படகுக்காரர் இதனைச் சொல்லவில்லை, அவரும் வினவவில்லை. கடலும் மலையும் ஒரே நாளில் எட்டக்கூடிய நம் நாட்டிலே, மலையை முன்னும் கடலைப் பின்னுமாகப் பயணத்தை வகுத்தல் அறிவுடைமை. கடலின்பின் விமானப் பயணத்துக்கு முன் ஒருநாளை உற்றார் வீட்டுக்கென ஒதுக்கலாம்.

இனித் தன்வலியாவது யாது? முதற்பயிற்சி பெற்றவர்க்கு எல்லை 18 மீற்றர். மேற்பயிற்சி பெற்றவர்க்கு 30 மீற்றர். பொழுதுபோக்காகச் சுழியோடுவார் எவர்க்கும் கடைசி எல்லை 40 மீற்றர். காதுநோய், நெஞ்சுநோய், ஆஸ்துமா உடையார் மருத்துவரைக் கேளாது இறங்கலாகாது. தடிமனுற்றிருக்கும் நாளிலே எவரும் இறங்கலாகாது.

இவ்வெல்லைகளைக் கேட்டு இளைஞர் மனஞ்சோர வேண்டியதில்லை. நீர் செந்நிறத்தை முதலிலே விழுங்குகின்றது. பத்து மீற்றருக்குக் கீழே சிவப்பு மங்கிவிடும்; இருபது மீற்றரிலே யாவும் நீலமாகவே தோன்றும். முருகையோ ஒளியுள்ள மேனீரையே விரும்புவது. ஆகவே நிறமும் செழிப்பும் உள்ள காட்சி மூன்று மீற்றர் தொடங்கிப் பன்னிரண்டு மீற்றருக்குள்ளேயே அமைகின்றது. ஆழஞ் செல்பவனே மிகுதியாகக் கண்டவன் என்பது மயக்கம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேலே மிதந்து பார்ப்பவர், பலவிடங்களிலே உருளை சுமந்து இறங்கியவரினும் நன்கு காண்பர். குடும்பத்தோடு செல்பவர்க்கு இதுவே ஏற்றது.

காலமறிதல்

ஈழத்திலே கடலின் குணத்தை வகுப்பன காற்றுகள். இதனை நம் கடற்றொழிலாளர் எழுதப்படிக்கத் தெரியாத காலத்திலேயே அறிந்திருந்தனர். தென்மேற்கிலிருந்து சோளகம் எழும் வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் காற்று மறைவிலே தெளிந்து நிற்கும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் கார்த்திகை, மார்கழி, தையிலே கிழக்குக் கரை மழையாலும் அலையாலும் கலங்கும். தென்மேற்குக் கரை அமைதியுறும்.

ஆதலின் ஏப்பிரில் கடைசி தொடங்கிச் செப்ரெம்பர் வரை திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, மட்டக்களப்பு ஆகிய கிழக்குக் கரை. நவெம்பர் தொடங்கி ஏப்பிரில் வரை ஹிக்கடுவை, உனவட்டுன, கற்பிட்டி ஆகிய தெற்கும் மேற்குமான கரை என்று பகுத்துக்கொள்ளலாம். ஓகஸ்ற் விடுமுறையில் வருவோர் கிழக்குக்கும், மார்கழி விடுமுறையில் வருவோர் தென்மேற்குக்கும் செல்லுதல் தகும். ஓகஸ்றிலே ஹிக்கடுவையையும், மார்கழியிலே நிலாவெளியையும் நாடுவார் கலங்கிய நீரையும் பூட்டிய கடைகளையுமே காண்பர்.

பருவத்தோடு நாளையும் பொழுதையும் நோக்குதல் வேண்டும். பெருமழை பெய்த மறுநாள் நீர் கலங்கும். காலையிலே அடங்கியிருக்குங் கடல் வெயிலேற ஏறக் காற்றெழுந்து அலைபடும். ஆகையால் விடியலிற் புறப்படும் படகே நல்லது. அன்று கடல் சரியில்லை என்று படகோட்டி சொன்னால் அச்சொல்லை மறுத்தல் கூடாது. கூலியை இழந்தும் இறங்கவேண்டாம் என்று சொல்பவன் நம் நலம் விரும்புபவனே.

இடனறிதல்

வலியையும் காலத்தையுந் தெரிந்தபின் இடத்தை நோக்குவோம்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் உள்ளது புறாமலை. பெரிதும் சிறிதுமாகிய இரு பாறைத் தீவுகள். மாடப்புறாக்கள் அங்கே தங்குதலின் அப்பெயர் பெற்றது. 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. முருகைக்கல் கரையோரத்திலேயே ஆழங்குறைந்து கிடத்தலின், மிதந்து பார்ப்பவர்க்கு ஈழத்திலே இதனினும் எளிய இடம் அரிது. கருமுனைச் செட்டையுடைய சிறு சுறாக்கள் அங்கே உலாவுகின்றன; அவை மனிதரைக் கண்டு தாமே விலகிச் செல்வன. ஆயின் 2009இல் யுத்தம் முடிந்தபின் மக்கள் பெருந்திரளாக அங்கே சென்று, நீந்தத் தெரியாது முருகையின் மேலேயே நின்று இளைப்பாறியதால் விளைந்த சேதம் சிறிதன்று. எளிய இடமே விரைவில் அழியும் இடமுமாகும். அங்கே செல்வார் சனி, ஞாயிறு விடுத்து வாரநாளின் விடியலிற் சென்று, நீந்துவார் மட்டும் நீரிலிறங்குதல் நன்று.

திருகோணமலையிலே கோணேசர் எழுந்தருளியிருக்கும் பாறையின் அடிக்கடலும் சுழியோடிகள் நாடுவது. பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் 1956இலே ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் நீரடியிற் கண்டனர். இங்கே முருகையினும் பாறையே மிகுதி. காணச் செல்வது கோயிற் கல் என்பதை நினைந்து, ஒன்றையுந் தொடாது, ஒன்றையும் எடாது மீளல் நம் கடமை. பாறையடியிலே அலை மோதுதலின் பயிற்சியுடையார் மட்டுமே, அமைதியான நாளில் இறங்கலாம்.

பாசிக்குடாவும் கல்குடாவும் நெடுந்தூரம் நடந்து செல்லத்தக்க மெல்லிய நீருடையன. சிறுவர்க்கும் முதியவர்க்கும் ஏற்றன. ஆயின் அங்கே குளித்தற்கு உள்ள சிறப்பு, முருகை காண்டற்கு இல்லை. அதற்கு அப்பால், மட்டக்களப்புக் கடலிலே, 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அதனோடு இறந்தனர். அது கிடப்பது ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழம். பொழுதுபோக்குச் சுழியோடியின் கடைசி எல்லையாகிய நாற்பதையுங் கடந்தது. பெயர் கேட்டு மயங்கி, விசேட பயிற்சியின்றி அங்கே இறங்க எண்ணுவார் வலியறியாதவர். அது போரிலே மடிந்தவரின் கல்லறையுமாம்.

தென்மேற்கிலே ஹிக்கடுவை பெயர்பெற்றது. 1979இல் சரணாலயமும், 2002இல் தேசிய பூங்காவும் ஆயிற்று. கண்ணாடித் தளமிட்ட படகுகள் அங்கே நெடுங்காலமாக ஓடுகின்றன. 1998இன் வெளிறலும், 2004இன் ஆழிப்பேரலையும், படகுகளின் மிகுதியும் அதனைப் பெரிதும் நலித்தன. முருகைத் தோட்டத்தைக் காணும் ஆசையோடு செல்வார் அங்கே ஏமாறுதல் கூடும். எனினும் கடலுட் சிறிது தூரத்திலுள்ள பாறைகளும் பழைய கப்பற் சிதைவுகளும், பயிற்சிபெற ஏற்ற வசதிகளும் உண்மையால், முதன்முறை கற்பார்க்கு அது தகும். கற்பதற்கு ஓரிடம், காண்பதற்கு வேறோரிடம் என்று கொள்வதிற் குற்றமில்லை.

வடமேற்கிலே கற்பிட்டிக் கடலில், 1992இற் சரணாலயமாக்கப்பட்ட பெரும்பார் உளது. முந்நூறு சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது. முருகை இனங்களின் பெருக்கத்தால் அது ஈழத்திலே தலைசிறந்ததாக எண்ணப்பட்டது. 1998இலே அதன் மேனீர் முருகையிற் பெரும்பகுதி மடிந்தது; பின்னர்த் தளிர்ப்பதும் மீண்டும் வெளிறுவதுமாகவே இருந்து வருகின்றது. கரையிலிருந்து படகிலே நெடுந்தொலைவு செல்ல வேண்டுதலின், கடற்பயணம் ஒவ்வாதார்க்கு ஏற்றதன்று.

தென்கிழக்கிலே, கிரிந்தைக்கு அப்பாலுள்ள பெரிய இராவணன் கோட்டை என்னும் பார், வெளிச்சவீடு தாங்கி நடுக்கடலில் நிற்பது. 1961இலே மைக் வில்சனும் இரு அமெரிக்கச் சிறுவரும் அங்கே பழைய கப்பலொன்றையும், ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களையுங் கண்டெடுத்தனர். அக்கதையைப் படித்தவர் உடனே அங்கே செல்ல விழைவர். ஆயின் ஆண்டிலே மார்ச்சு, ஏப்பிரிலில் வரும் சில வாரங்களே அங்கே கடல் அடங்கும். அப்பொழுதும் நீரோட்டம் வலியது. தேர்ந்தவர்க்கன்றிப் பிறர்க்கு அது நூலிலே படித்து மகிழத்தக்க இடமேயாம்.

பிறநாட்டில் வாழ்வார்க்கும் இம்முறையே பொருந்தும். மாலைதீவிலே நிறமும் மீன்வளமும் மிகுதி. ஆயின் தீவுகளுக்கிடையேயுள்ள வாய்க்கால்களிலே நீரோட்டம் ஆளை இழுத்துச் செல்லும். வாடைப் பருவத்திலே கீழ்ப்பக்க வாய்க்கால்கள் தெளிந்திருக்கும். புதியவர் உட்கடலின் அமைதியான இடங்களைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைத்தொடர் 2,300 கிலோமீற்றர் நீண்டது. ‘அங்கே செல்கிறோம்’ என்றால் எப்பகுதிக்கு என்று வினவ வேண்டும். அதன் வடபாகக் கரையிலே நவெம்பர் தொடங்கி மே வரை கொடிய நஞ்சுடைய இழுதுமீன் வருமாதலின், உடல் முழுதும் மூடும் ஆடையின்றி இறங்கலாகாது. 2016 தொடங்கி 2024 வரை ஐந்து முறை பெருவெளிறல் நிகழ்ந்தமையால், ஒரு பகுதி செழித்தும் மறுபகுதி நலிந்தும் உளது.

துணைவலி அறிதல்

இடம் ஒன்றாயினும் அழைத்துச் செல்வாரால் அது நன்றாகவும் தீதாகவும் ஆகும். ஆகையாற் பணம் கொடுக்குமுன் பின்வருவனவற்றை வினவுதல் வேண்டும்:

1. என் பயிற்சிச் சான்றிதழைக் கேட்கின்றாரா? கேளாது எவரையும் இறக்குபவர் எவ்வுயிரையும் மதியாதவர்.

2. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? புதியவர் நால்வர்க்கு மேற்படின் கண்காணித்தல் அரிது.

3. படகிலே ஒட்சிசன் உளதா? அமுக்க அறைச் சிகிச்சை வேண்டின் எங்கே, எத்தனை மணியிற் செல்லலாம்?

4. நாம் நீரினுள் இருக்கையிலே படகில் ஒருவர் காவல் நிற்பாரா?

5. நங்கூரத்தை எங்கே இடுவார்? முருகையின் மேலே இடுபவர் தாம் உண்ணும் கலத்தையே உடைப்பவர். மிதவையிற் கட்டுபவரை அல்லது மணலில் இடுபவரைத் தேர்க.

6. சுறாவுக்கும் ஆமைக்கும் உணவிட்டுக் காட்டுவாரா? அவ்வாறு செய்பவரை விலக்குக.

இவ்வினாக்களுக்குச் சினவாது விடை கூறுபவரே நல்ல துணைவர். குறைந்த கூலி என்பது இங்கே நன்மையின் அடையாளமன்று.

நாம் செய்யத்தக்கன

செல்வார்க்குங் கடமை உண்டு. முருகையைத் தொடலாகாது; அதன்மேல் நிற்றலாகாது; காலிலணிந்த துடுப்பால் மணலைக் கிளறி அதன்மேல் இறைத்தலாகாது. வெயிலுக்கு அஞ்சிப் பூசும் எண்ணெய்களுட் சில முருகைக்கு நஞ்சாம்; கைநீண்ட சட்டை அணிதல் அதனினும் நன்று. உடைந்த துண்டாயினும் நினைவுப் பொருளென எடுத்துவரல் சட்டத்தாலும் விலக்கப்பட்டது. முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டிய காலம் ஒன்று இருந்தது. நெடுந்தீவிலே முருகைக்கல்லால் அடுக்கிய வேலிகள் இன்றும் நிற்கின்றன. அக்காலத்தார்க்கு வேறு கல் அருமையாயிருந்தது. நமக்கு அக்காரணமும் இல்லை.

முருகைக்கல் காட்சிப்பொருள் மட்டுமன்று. அது கரையிலே மோதும் அலையின் வலியை உடைக்கின்றது. மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலாகின்றது. உலகக் கடலின் அடிப்பரப்பிலே நூற்றிலொரு பங்கினுங் குறைந்த இடத்தையே அது கொண்டுள்ளதாயினும், கடல்வாழ் இனங்களில் நாலிலொரு பங்களவு அதனைச் சார்ந்து வாழ்கின்றன என்பர். கரையூர்களிலே கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து கற்ற பிள்ளைகள் பலர். அவர்தம் தந்தையர் வலையிலே மீன்படுவதும் படாததும், நாம் ஒருநாள் மிதந்து மகிழும் அத்தோட்டத்தின் நலத்தையே பொறுத்தது.

நீரிலே வலிய முதலை, நீரை விட்டுக் கரையேறினால் எளியதாகும் என்பது இடனறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் காட்டும் உவமை. மனிதனுக்கு இது மறுதலை. கரையிலே எத்துணைப் பட்டமும் பதவியும் உடையவனாயினும், பத்து மீற்றர் நீரின்கீழ் அவன் எளியன், பிறர் தந்த காற்றால் உயிர்ப்பவன், அவ்வுலகத்துக்கு விருந்தினன். விருந்தினன் தன் அளவறிந்து, வேளையறிந்து, வீட்டுக்காரன் மனமறிந்து செல்வதே நம் மரபு. அம்மரபைப் பேணுவார் எவ்விடத்தைத் தேர்ந்தாலும் அஃது நல்லிடமேயாகும். இவ்விழாவாண்டிலே கடல்கடந்து வரும் பழைய மாணவரும், அவர்தம் மக்களும், இங்கே பயிலும் மாணவரும் இவ்வாறு கண்டு மகிழ்ந்து நலத்தோடு மீள்வாராக.